மிச்சிகன் ஸ்டேடியத்தின் வசதிகளும் புதுப்பிப்புகளும்: எந்தக் காலத்து மாற்றம் சரியானது?

செங்கல்சூளை எழுதியது:

கல்லூரி அரங்கங்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் மிச்சிகன் ஸ்டேடியம் இருக்கை எண்ணிக்கையோடு முடிந்துவிடுகிறது. 1,07,601 பேர் அமரலாம், அமெரிக்காவிலேயே பெரியது என்று சொல்லிவிட்டு அடுத்த அரங்கத்துக்குப் போய்விடுகிறோம். அந்த எண்ணுக்குப் பின்னால் ஏறத்தாழ நூறு ஆண்டுக் கட்டுமான வரலாறு இருக்கிறது. அதில் சில வேலைகள் மிக நன்றாக அமைந்தன. ஒரு வேலையை இரண்டே ஆண்டில் கழற்றி எறிய வேண்டியிருந்தது. ஆன் ஆர்பர் நகரில் உள்ள, மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் இந்த அரங்கம் அமெரிக்கக் கால்பந்துக்காகக் கட்டப்பட்டது என்பதைப் புதியவர்களுக்காக மட்டும் சொல்லிவைக்கிறேன்.

1920களில் மிச்சிகன் அணி ஃபெர்ரி ஃபீல்டு என்ற மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தது. கூட்டம் அங்கே கொள்ளவில்லை. போட்டிப் பல்கலைக்கழகமான ஒஹாயோ ஸ்டேட் 1922-லேயே இரண்டடுக்குக் குதிரைலாட வடிவ அரங்கத்தைக் கட்டி முடித்திருந்தது. விளையாட்டுத் துறை இயக்குநர் ஃபீல்டிங் யோஸ்ட் ஒரு லட்சம் பேருக்கும் மேல் அமரும் அரங்கம் வேண்டும் என்று வாதாடினார். பேராசிரியர்களில் ஒரு பகுதியினருக்கு அது பிடிக்கவில்லை. கல்விக்கூடம் விளையாட்டு வியாபாரம் ஆகிவிடும் என்று அஞ்சினார்கள். இதை ஆராய எட்மண்ட் டே தலைமையில் அமைந்த குழு 1926-ல் கொடுத்த அறிக்கைதான் இந்த அரங்கத்தின் உண்மையான அஸ்திவாரம் என்பேன். அரங்கம் கட்டலாம், ஆனால் மிக எளிமையாக இருக்க வேண்டும், அலங்காரத்துக்கு இடமில்லை, அதில் வரும் வருமானம் எல்லா மாணவர்களின் உடற்பயிற்சிக்கும் பயன்பட வேண்டும் என்பது அதன் சாரம். 1928-ல் திறக்கப்பட்ட மாணவர் விளையாட்டுக் கூடமும், பின்னர் வந்த கோல்ஃப் மைதானமும் அந்த வருமானத்தின் விளைவுகள்.

என் கட்சி இதுதான். அந்த எளிமையையும், தரைக்குக் கீழே இறங்கிய கிண்ண வடிவத்தையும் மதித்த புதுப்பிப்புகள் நிலைத்தன. மீறியவை நிலைக்கவில்லை, அல்லது இன்றுவரை வழக்காகவே இருக்கின்றன. மறுப்பவர்கள் ஆதாரத்தோடு வரலாம்.

தெற்குவாசல் எழுதியது:

எனக்கு நெடுநாளாக ஒரு சந்தேகம். அரங்கம் அமைந்த நிலத்துக்கு அடியில் ஊற்று இருந்ததாகப் படித்திருக்கிறேன். நீர் ஊறும் நிலத்தைத் தேர்ந்தெடுத்து, அதிலேயே இவ்வளவு ஆழமாகத் தோண்ட எந்தப் பொறியாளர் ஒப்புக்கொள்வார்?

மண்பரிசோதனை எழுதியது:

ஒப்புக்கொண்டவர்கள் கிளீவ்லாந்தின் ஆஸ்பார்ன் பொறியியல் நிறுவனத்தார். அமெரிக்காவின் பல பேஸ்பால் அரங்கங்களைக் கட்டிப் பழகியவர்கள் அவர்கள். முன்மாதிரி 1914-ல் திறக்கப்பட்ட யேல் பௌல். நடுவில் தோண்டி, தோண்டிய மண்ணையே சுற்றிலும் கரையாகக் கொட்டி, அந்தச் சரிவின் மீது கான்கிரீட் படிகளைப் போடுவது அந்த முறை. உயரத் தூண்களும் இரும்புச் சட்டங்களும் வேண்டியதில்லை. பூமியே சுமையைத் தாங்கிக்கொள்ளும். ஒரு இருக்கைக்கு ஆகும் செலவு பாதாளத்துக்கு இறங்கிவிடும். மிச்சிகனில் அரங்கத்தின் முக்கால் பங்கு தரைமட்டத்துக்குக் கீழே இருப்பதற்கு இந்தக் கணக்கே முதற்காரணம் என்று நான் எண்ணுகிறேன்.

தோண்டும் வேலை 1926 செப்டம்பரில் தொடங்கியது. நீர் பெருந்தொல்லை கொடுத்தது. பளுதூக்கும் இயந்திரம் ஒன்று சேற்றில் அமிழ்ந்து, மீட்க முடியாமல் இன்றும் அரங்கத்துக்கு அடியிலேயே கிடக்கிறது என்று அந்த ஊரில் சொல்வார்கள். அதை ஊர்க்கதையாகவே எடுத்துக்கொள்ளலாம். 440 டன் வலுவூட்டும் கம்பியும் 31,000 சதுர அடிக் கம்பிவலையும் கான்கிரீட்டுக்குள் போயின என்பதும், எல்லாம் சேர்த்து ஆன செலவு 9.5 லட்சம் டாலர் என்பதும் கதையல்ல, கணக்கு. 1927 அக்டோபர் 1 அன்று ஒஹாயோ வெஸ்லியன் அணியோடு முதல் ஆட்டம் நடந்தது. மிச்சிகன் 33-0 என வென்றது. மூன்று வாரம் கழித்து ஒஹாயோ ஸ்டேட் வந்தபோது முறைப்படி திறப்புவிழா நடத்தினார்கள். அன்று கணக்கிடப்பட்ட கூட்டம் 84,401.

அனுமதி கிடைத்தது 72,000 இருக்கைகளுக்கு மட்டுமே. யோஸ்ட் அதற்கு மேல் சுமார் 10,000 பேருக்கு விளிம்பைச் சுற்றித் தற்காலிக மர இருக்கைகளைப் போட்டார். அதைவிட முக்கியம், பிற்காலத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் விரிவாக்கினாலும் தாங்கும்படி அடித்தளத்தைப் போடச் செய்ததுதான். பல்கலைக்கழக ஆட்சிக்குழுவின் கண்ணுக்குத் தெரிந்தது 72,000. மண்ணுக்குள் புதைத்தது ஒரு லட்சம். கட்டடத் துறையில் இருப்பவர்களுக்கு இந்தத் தந்திரம் புதிதல்ல. மாடி எழுப்பும் எண்ணத்தோடு கம்பியை நீட்டிவிட்டுத் தளம் போடும் வீடுகள் நம் ஊரிலும் தெருவுக்கு நான்கு உண்டு.

வடகோடி எழுதியது:

மண்பரிசோதனை ஐயாவின் விளக்கத்தோடு பணம் எப்படித் திரட்டினார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றும் 500 டாலர் மதிப்புள்ள 3,000 பத்திரங்களை விற்றார்கள். வட்டி மட்டுமல்ல, பத்திரம் வாங்கியவருக்குப் பத்தாண்டுகளுக்கு நல்ல இடத்தில் டிக்கெட் வாங்கும் உரிமையும் கிடைத்தது. இதை நினைவில் வையுங்கள். 2010 மாற்றங்களைப் பற்றிப் பேசும்போது இது தேவைப்படும்.

வரிசை90 எழுதியது:

இருக்கை எண்ணிக்கை எப்படி ஏறியது என்பதை நான் எழுதுகிறேன்.

1928-ல் 85,752. அதற்குப் பின் இருபது ஆண்டுகள் பெரிய மாற்றமில்லை. பொருளாதார மந்தமும் போரும் நடுவில் வந்தன. 1949-ல் விளிம்பிலிருந்த மர இருக்கைகளை நீக்கி, இரும்புச் சட்டத்தின் மேல் நிரந்தர இருக்கைகளை அமைத்தார்கள். எண்ணிக்கை 97,239 ஆனது. 1956-ல் 1,01,001. யோஸ்ட் கேட்ட ஒரு லட்சம், அரங்கம் திறந்து 29 ஆண்டுகள் கழித்து, அவர் மறைந்த பின் நிறைவேறியது. அந்த ஆண்டு முதல் இருக்கை எண் எப்போதும் 1 என்ற இலக்கத்தில்தான் முடிகிறது. முன்னாள் பயிற்சியாளரும் விளையாட்டுத் துறை இயக்குநருமான ஃபிரிட்ஸ் கிரிஸ்லரின் பெயரால் ஒதுக்கப்பட்ட ஓர் இருக்கை அது. எங்கே இருக்கிறது என்பதை வெளியே சொல்வதில்லை என்பது வழக்கம்.

1973-ல் 1,01,701. 1992-ல் 1,02,501. 1996-ல் டென்னசி பல்கலைக்கழகத்தின் நேலண்ட் ஸ்டேடியம் 1,02,544 ஆக விரிந்தபோது, 43 இருக்கை வித்தியாசத்தில் முதலிடம் பறிபோனது. இரண்டே ஆண்டில் மிச்சிகன் 5,000 இருக்கைகளைக் கூட்டி 1,07,501 ஆக்கியது. அந்த விரிவாக்கத்துக்கு ரோஷம் ஒரு காரணமே இல்லை என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

2008-ல் கட்டுமானப் பணிகளுக்கிடையே 1,06,201 ஆகக் குறைந்தது. அப்போது பென் ஸ்டேட்டின் பீவர் ஸ்டேடியம் 1,07,282 இருக்கைகளோடு முன்னே நின்றது. 2010-ல் 1,09,901. 2015-ல் மீண்டும் குறைத்து 1,07,601.

கூட்டம் நிற்கவே இல்லை என்பதுதான் இதில் வியப்பு. 1975 நவம்பரில் தொடங்கி, பார்வையாளர்களை அனுமதிக்காத 2020 பருவத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால், இங்கே நடந்த ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வந்ததாகவே பதிவு செய்கிறார்கள். 1968 முதல் இருபது ஆண்டுகள் இயக்குநராக இருந்த டான் கேன்ஹம், டிக்கெட் விற்பனையை ஒரு விளம்பரக் கலையாகவே நடத்தியதன் பலன் அது. அவர் வருவதற்கு முன்பு அரங்கம் நிரம்பாத நாட்கள் நிறைய இருந்தன. ஆகவே இருக்கை கூடியதால் கூட்டம் வரவில்லை. 1956-ல் போட்ட இருக்கைகள் எல்லா ஆட்டங்களுக்கும் நிரம்ப இருபதாண்டுகள் ஆயின.

புல்தரை எழுதியது:

எல்லோரும் இருக்கையையே எண்ணுகிறீர்கள். ஆடுகளத்தை யாரும் கவனிக்கவில்லை. நிலத்தடி நீரோடு தொடங்கிய சண்டை உண்மையில் அங்கேதான் தொடர்ந்தது.

1969 வரை இயற்கைப் புல். அந்த ஆண்டு டார்ட்டன் டர்ஃப் என்ற செயற்கைத் தரையைப் போட்டார்கள். அக்காலத்துச் செயற்கைத் தரை கான்கிரீட்டின் மேல் விரித்த கம்பளம் மாதிரி. விழுந்தால் தோல் உரியும், முழங்கால் தாங்காது. 1991-ல் அதைப் பெயர்த்துவிட்டு மீண்டும் புல்லை வளர்த்தார்கள். அப்போதே ஆடுகளத்தை மூன்றரை அடி கீழே இறக்கினார்கள். முதல் வரிசைகளில் உட்கார்ந்தவர்களுக்கு, ஓரத்தில் நிற்கும் ஆட்டக்காரர்களின் முதுகுதான் தெரிந்துகொண்டிருந்தது. அதைச் சரிசெய்வதே நோக்கம். பார்வைக்கோணம் நன்றாகவே அமைந்தது. ஆனால் ஏற்கெனவே நீர்மட்டத்தை ஒட்டியிருந்த களத்தை இன்னும் மூன்றரை அடி இறக்கினால் புல்லின் வேர் எப்படிப் பிடிக்கும்? பருவத்தின் பிற்பகுதியில் புல் பெயர்ந்து பெயர்ந்து வந்தது. பன்னிரண்டு ஆண்டு போராட்டத்துக்குப் பின் 2003-ல் ஃபீல்டுடர்ஃப் என்ற, ரப்பர்த் துகளும் மணலும் நிரப்பிய புதுவகைச் செயற்கைப் புல்லுக்கு மாறினார்கள். அதே வகையின் புதிய வடிவத்தை 2010-ல் விரித்தார்கள். நீரோடு சண்டை போடுவதை விட்டதும் சிக்கல் தீர்ந்தது.

ஒப்புநோக்க ஒஹாயோ ஸ்டேடியத்தைச் சொல்லலாம். அங்கே 2001-ல் முடிந்த புதுப்பிப்பில், ஓட்டப்பாதையை நீக்கிவிட்டுக் களத்தைச் சுமார் 14 அடி இறக்கினார்கள். பக்கத்திலேயே ஒலன்டாஞ்சி ஆறு. ஆகவே முதலில் நிலத்துக்குள் நீர்த்தடுப்புச் சுவர் ஒன்றை எழுப்பி, அதற்குப் பிறகே இறக்கினார்கள். மிச்சிகன்காரர்கள் 1991-ல் அந்த அளவுக்குச் செலவு செய்யத் துணியவில்லை என்பதே என் கணிப்பு.

தெற்குவாசல் எழுதியது:

செங்கல்சூளை அண்ணன் "இரண்டே ஆண்டில் கழற்றி எறிந்தார்கள்" என்று சொன்னது எதை?

செங்கல்சூளை எழுதியது:

1998 விரிவாக்கத்தின் போது அரங்கத்தின் மேல்விளிம்பைச் சுற்றி எழுப்பிய மஞ்சள் வளையத்தை, தம்பி. புதிதாகச் சேர்த்த வரிசைகளின் பின்புறத்தை மறைக்க ஒரு பட்டை போட வேண்டியிருந்தது, அதுவரை நியாயம்தான். ஆனால் அந்தப் பட்டையைக் கண்ணைப் பறிக்கும் மஞ்சளில் அமைத்து, அதில் அணியின் தலைக்கவசப் படங்களையும் பல்கலைக்கழக வெற்றிப் பாடலின் சொற்களையும் ஆள் உயரத்துக்கும் மேலாகப் பொறித்து வைத்தார்கள். முன்பெல்லாம் ஸ்டேடியம் பொலெவார்டு சாலையில் வருபவருக்கு ஒரு தாழ்ந்த சுவர்தான் தெரியும். வாசலைத் தாண்டி உள்ளே போனால், நடைபாதை மேல்வரிசைகளின் மட்டத்தில் இருக்கும். அங்கிருந்து பார்த்தால் காலடியில் அவ்வளவு பெரிய பள்ளமும் அதன் அடியில் ஆடுகளமும் திடீரென்று திறக்கும். அந்த அடக்கத்தைத்தான் அந்த வளையம் கெடுத்தது. முன்னாள் மாணவர்கள் கொதித்துப் போனார்கள். 2000-ல் அதைக் கழற்றினார்கள். இருக்கைகள் நிலைத்தன, அலங்காரம் நிலைக்கவில்லை. டே குழு 1926-ல் சொன்னதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

வளையம் வந்த அதே 1998-ல் வைத்த வீடியோ திரைகளை யாரும் எதிர்க்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இந்த அரங்கத்துக்கு அதில் மரபு உண்டு. 1930-லேயே மின்னணு ஸ்கோர்போர்டு வைத்து, ஆட்டத்தின் அதிகாரபூர்வ நேரத்தை அதில் காட்டிய முதல் அரங்கம் இது.

வடகோடி எழுதியது:

இப்போது 2010-க்கு வருவோம். இந்த இழையில் நிறைய பேர் தயங்கித் தயங்கி ஒதுங்கிப் போகும் இடம் அது.

22.6 கோடி டாலர் திட்டம். கிழக்கிலும் மேற்கிலும் பல மாடிகள் கொண்ட இரண்டு செங்கல் கட்டடங்கள். அவற்றுக்குள் எண்பதுக்கும் மேற்பட்ட சொகுசு அறைகள், ஏறத்தாழ 3,200 தனி வகுப்பு இருக்கைகள், மேற்கே புதிய செய்தியாளர் மாடம். 2006-ல் ஆட்சிக்குழு ஒப்புதல் அளித்தபோதே அது ஒருமித்த முடிவாக இல்லை. பணக்காரனும் மாணவனும் ஒரே பலகையில் தோளுரசி உட்காரும் அரங்கத்தில், கண்ணாடிக்குப் பின்னே ஒரு மேல்வகுப்பை உண்டாக்குகிறார்கள் என்பது எதிர்ப்பாளர்களின் குற்றச்சாட்டு. அதற்காகவே ஓர் இயக்கம் தொடங்கி, சொகுசு அறை இல்லாத மாற்றுத் திட்டத்தையும் முன்வைத்தார்கள்.

நான் அந்தக் குற்றச்சாட்டை முழுவதும் ஏற்கவில்லை. 1927-ல் 500 டாலர் பத்திரம் வாங்கியவர் யார்? ஆலைத் தொழிலாளியா? பணம் கொடுத்தவனுக்கு நடுக்கோட்டருகே இடம் என்பது இந்த அரங்கத்தின் முதல் நாளிலிருந்தே உள்ள ஏற்பாடு. ஆகவே 2010-ல் ஒரு புதிய அநியாயம் பிறந்ததாகச் சொல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது.

அந்தக் கட்டடங்கள் பொது இருக்கைக்காரர்களுக்கும் இரண்டு நன்மைகளைச் செய்தன. ஒன்று, ஓசை. சரிவு குறைந்த, மேலே திறந்த கிண்ணம் என்பதால் ஒரு லட்சம் பேர் கத்தினாலும் சத்தம் வானத்துக்குப் போய்விடும். கூட்டத்தின் அளவுக்கு ஓசை இல்லாத அரங்கம் என்றே இதைக் கேலி செய்வார்கள். இருபுறமும் சுவர் எழுந்த பிறகு சத்தம் களத்துக்குத் திரும்புகிறது. இரண்டு, கழிப்பறை. சிரிக்காதீர்கள். ஒரு லட்சம் பேர் ஒரே இடைவேளையில் எழும் இடத்தில் அதுதான் முதல் வசதி. அதே திட்டத்தின் கீழ் கழிப்பறைகளையும் உணவுக் கடைகளையும் நுழைவாயில்களையும் கூட்டினார்கள். படிவழிகளை அகலமாக்கிக் கைப்பிடி போட்டார்கள். பொது இருக்கைகளையும் அகலப்படுத்தினார்கள்.

வரிசை90 எழுதியது:

அகலப்படுத்தியதாகச் சொல்கிறீர்கள். நான் இந்த ஊரில் வேலை பார்க்கிறேன்; டிக்கெட் கிடைக்கும்போது போவதுண்டு. பெரும்பாலான இடங்களில் சாய்மானமில்லாத நீண்ட பலகைதான், இடம் என்பது பலகையில் போட்டிருக்கும் ஓர் எண் மட்டுமே. செப்டம்பரில் அது போதும். நவம்பரில் ஆளுக்கு இரண்டு ஸ்வெட்டரும் மேலே ஒரு கனத்த கோட்டும் போட்டுக்கொண்டு வரும்போது, வரிசையில் இருபது பேருக்கு எண் இருந்தாலும் பதினெட்டுப் பேர்தான் உட்கார முடியும். கடைசியாக வருகிறவர் பாதி உடம்பைப் படிவழியில் வைத்துக்கொண்டு நின்றே பார்ப்பார். சாய்மானம் உள்ள அகன்ற நாற்காலியும் வெப்பமும் வேண்டுமென்றால் அந்தச் செங்கல் கட்டடத்துக்குள் போக வேண்டும். வித்தியாசம் அங்கே இருக்கிறது, நண்பரே. பத்திரம் வாங்கியவனும் 1927-ல் மழையில் நனைந்தான்.

மண்பரிசோதனை எழுதியது:

வரிசை90 சொன்ன கடைசி வாக்கியத்தை நான் வழிமொழிகிறேன். நல்ல இடம் வேறு, தனி இடம் வேறு.

ஆனால் அந்தக் கட்டடங்களின் பொறியியலைக் குறைசொல்ல முடியாது. பழைய கிண்ணத்தின் மீது எந்தச் சுமையையும் ஏற்றாமல், வெளியே தனி அஸ்திவாரத்தில் எழுப்பி, ஒவ்வோர் ஆண்டும் பருவத்தின் நடுவே வேலையை நிறுத்தி ஆட்டங்களையும் நடத்தி, மூன்று பருவங்களுக்குள் முடித்தார்கள். ஓர் ஆட்டத்தைக் கூட வெளியூருக்கு மாற்றவில்லை. 2010 செப்டம்பர் 4 அன்று கனெக்டிகட் அணியோடு நடந்த மறுதிறப்பு ஆட்டத்துக்கு 1,13,090 பேர் வந்தார்கள்.

படிவழி எழுதியது:

வெகுநேரமாகப் படித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் யாரும் சொல்லாத ஒன்று இருப்பதால் எழுதுகிறேன்.

2007-ல் மிச்சிகன் மாநிலத்தின் முடக்குவாதமுற்ற முன்னாள் படைவீரர் அமைப்பு இந்த அரங்கத்தின் மீது வழக்குத் தொடுத்தது. மாற்றுத்திறனாளிகளுக்கான 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொது அரங்கத்தைப் பெரிய அளவில் புதுப்பிக்கும்போது சக்கர நாற்காலி இடங்களையும் உரிய விகிதத்தில் அமைக்க வேண்டும். ஒரு லட்சத்துக்கு மேல் அமரும் இந்த அரங்கத்தில் அப்போது அத்தகைய இடங்கள் நூறைக் கூடத் தொடவில்லை. அவையும் பெரும்பாலும் ஒரே மாதிரியான மூலைகளில் இருந்தன. பலமுறை கான்கிரீட்டைப் பெயர்த்துப் போட்டவர்கள், அது வெறும் பழுதுபார்ப்பு என்று வாதிட்டார்கள். அமெரிக்க நீதித் துறையும் வழக்கில் சேர்ந்துகொண்டது. 2008-ல் சமரசம் ஏற்பட்டது. 2010-க்குள் சக்கர நாற்காலி இடங்கள் முந்நூறுக்கு மேல் உயர்ந்தன, கிண்ணத்தின் பல பகுதிகளிலும் பரவின.

செங்கல்சூளை ஐயா, நீங்கள் போற்றும் அந்தக் கிண்ணத்தின் அமைப்பை என் பக்கத்திலிருந்து பாருங்கள். வாசல் மேலே, களம் கீழே, நடுவில் படிகள் மட்டும். மேல்விளிம்பு நடைபாதையை விட்டால் சக்கரம் நிற்கக்கூடிய சமதளம் எங்கும் கிடையாது. எனவே 1926-ன் வடிவத்துக்கு ஒத்துப்போனவை மட்டுமே நல்ல புதுப்பிப்புகள் என்ற உங்கள் அளவுகோல் இங்கே நிற்காது. இந்த மாற்றம் அந்த வடிவத்தை உடைத்துத்தான் வந்தது. வரிசைகளை வெட்டி மேடை அமைத்தார்கள். மின்தூக்கி வந்ததும் அந்தச் செங்கல் கட்டடங்களோடுதான்.

செங்கல்சூளை எழுதியது:

படிவழி அம்மா, உங்கள் வாதம் வலுவானது. டே குழு எளிமையைக் கேட்டதோடு, எல்லோருக்கும் பயன்பட வேண்டும் என்றும் கேட்டது. அந்த இரண்டாவது பாதியில் உங்கள் மாற்றம் அடங்கும் என்று நான் வாதிடலாம். இருந்தாலும் கிண்ண வடிவம் என்பதைத் தனி அளவுகோலாக வைத்தால் அது சக்கர நாற்காலிக்கு எதிரானதுதான்.

புல்தரை எழுதியது:

விளக்குகளையும் சேருங்கள். 2010 வரை இங்கே நிரந்தர மின்விளக்கு கிடையாது. மாலை நேர ஆட்டத்தைத் தொலைக்காட்சி கேட்டால், லாரியில் நடமாடும் விளக்குக் கம்பங்களைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். புதிய கட்டடங்களின் உச்சியில் விளக்கு பொருத்திய பிறகே, 2011 செப்டம்பர் 10 அன்று நோட்டர் டேம் அணியோடு முதல் இரவு ஆட்டம் நடந்தது. மிச்சிகன் 35-31 என வென்றது. கடைசி இரண்டு நிமிடத்துக்குள் மட்டும் மூன்று முறை முன்னிலை மாறியது. 1,14,804 பேர். அதே அணி 2013-ல் இரவு ஆட்டத்துக்கு வந்தபோது 1,15,109 பேர். இன்றும் அதுவே இங்கே நடந்த ஆட்டங்களில் உச்சம். சனிக்கிழமை நண்பகல் ஆட்டம்தான் மரபு என்று முணுமுணுத்தவர்கள் அந்த இரவுக்குப் பிறகு அடங்கிவிட்டார்கள்.

தெற்குவாசல் எழுதியது:

விளையாட்டுக்கு வெளியே இந்த அரங்கத்தை எதற்குப் பயன்படுத்துகிறார்கள்?

வடகோடி எழுதியது:

ஆண்டுதோறும் வசந்தகாலப் பட்டமளிப்பு விழா. 1964 மே மாதம் அதிபர் லிண்டன் ஜான்சன் தமது "மகத்தான சமுதாயம்" திட்டத்தை விளக்கிய உரை இங்கேதான் நிகழ்ந்தது. 2010-ல் ஒபாமா பேசினார்.

2010 டிசம்பரில் களத்தின் நடுவே பனித்தளம் அமைத்து மிச்சிகன், மிச்சிகன் ஸ்டேட் அணிகள் ஹாக்கி ஆடின. பல்கலைக்கழகம் அறிவித்த எண்ணிக்கை 1,13,411. கின்னஸ் ஏற்றுக்கொண்டது 1,04,173. அறிவிப்புக்கும் வாசல் கணக்குக்கும் உள்ள தூரத்தை இதிலிருந்து புரிந்துகொள்ளுங்கள். 2014 புத்தாண்டன்று டெட்ராய்ட், டொராண்டோ தொழில்முறை ஹாக்கி அணிகள் கொட்டும் பனியில் ஆடின. அதே ஆண்டு ஆகஸ்ட் 2-ல் மான்செஸ்டர் யுனைடெட்டும் ரியல் மாட்ரிடும் ஆடியதைப் பார்க்க 1,09,318 பேர் வந்தார்கள். நாம் அறிந்த கால்பந்துக்கு அமெரிக்காவில் கூடிய மிகப் பெரிய கூட்டம் அது. 2025 செப்டம்பரில் பாடகர் சாக் பிரையனின் இசை நிகழ்ச்சிக்கு 1,12,408 பேர். மின்விளக்கு, திரை, அகன்ற வாசல் எல்லாம் வந்த பிறகே இவற்றில் பெரும்பாலானவை சாத்தியமாயின. ஆண்டுக்கு ஏழெட்டு நாள் மட்டும் திறக்கும் கட்டடத்துக்கு 22.6 கோடியா என்று கேட்டவர்களுக்கு இது பாதி பதில்.

மண்பரிசோதனை எழுதியது:

பழைய அமைப்பில் இன்னும் தீராத ஒரு குறையைச் சொல்ல வேண்டும். இரு அணிகளும் களத்துக்கு வரவும் போகவும் ஒரே ஒரு சுரங்கவழிதான், கிழக்குப் பக்கத்தில், நடுக்கோட்டுக்கு நேராக. 1927-ல் இருபது முப்பது பேர் கொண்ட அணிகளுக்கு அது தாராளம். இன்று ஓர் அணி நூறு பேருக்கு மேல், அதோடு வாத்தியக் குழுவினர், படப்பிடிப்பாளர்கள். 2022 அக்டோபரில் மிச்சிகன் ஸ்டேட் ஆட்டம் முடிந்த பின் அந்தக் குறுகலில் ஆட்டக்காரர்கள் அடித்துக்கொண்டார்கள், வழக்குவரை போனது. அடுத்த ஆண்டு வாய்ப்பகுதியில் சில இருக்கைகளை எடுத்துவிட்டு வழியை அகலமாக்கினார்கள். ஆனால் அகலமானது வாய் மட்டுமே. மீதி வழி, சுற்றிலும் மண்ணும் மேலே ஆயிரக்கணக்கான இருக்கைகளும் உள்ள கான்கிரீட் குழாய். இரண்டாவது சுரங்கவழி குடைய வேண்டுமென்றால் மீண்டும் அந்த நீரும் மண்ணும்தான். யோஸ்ட் இருக்கைக்கு அஸ்திவாரம் போட்டார், வழிக்குப் போடவில்லை.

வரிசை90 எழுதியது:

அண்மைக்கால மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2011-ல் வைத்த திரைகளை 2023-ல் மாற்றினார்கள். இப்போது உள்ளவை ஒவ்வொன்றும் 180 அடி அகலம், 62 அடி உயரம், முன்பிருந்தவற்றைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். 2024 முதல் அரங்கத்துக்குள் பீர் விற்கிறார்கள். மாநிலச் சட்டம் மாறியதால் வந்தது. இடைவேளையில் வரிசை நீண்டது என்பதைத் தவிர எனக்கு அதில் கருத்தில்லை.

திரையைப் பற்றி எனக்குக் கருத்து உண்டு. இரு கோடிகளிலும் அவ்வளவு பெரிய திரைகள் எழுந்து நிற்கின்றன. செங்கல் கட்டடங்களை எதிர்த்தவர்கள், மஞ்சள் வளையத்தைக் கழற்ற வைத்தவர்கள் இதற்கு வாய் திறக்கவில்லை. தொலைவிலிருந்து பார்த்தால் அரங்கத்தில் முதலில் கண்ணில் படுவது இப்போது அந்தத் திரைகளின் முதுகு.

செங்கல்சூளை எழுதியது:

அது பயனுள்ளது என்பதால் வாய் திறக்கவில்லை என்று நினைக்கிறேன். மேல்வரிசைக்காரருக்குக் களத்தில் பந்து யார் கையில் இருக்கிறது என்பது திரையைப் பார்த்தால்தான் தெரியும்.

2015-ல் எண்ணிக்கையைக் குறைத்ததையும் நான் இதே கணக்கில் சேர்ப்பேன். முதலிடத்துக்காக 43 இருக்கைக்கு ரோஷப்பட்ட இடத்தில், இருக்கைகளையும் படிவழிகளையும் அகலமாக்க 2,300 இடங்களைத் தாமாகவே விட்டுக்கொடுத்தார்கள், முதலிடமும் போகவில்லை. அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்டால், இன்னும் ஐயாயிரம் இடங்களை எடுத்துவிட்டு நவம்பர் கோட்டோடு உட்காரும்படி பலகையைப் பிரிக்கச் சொல்வேன். கிரிஸ்லரின் அந்த ஒரு இருக்கையை மட்டும் கணக்கில் விட்டுவைத்தால் போதும்.

படிவழி எழுதியது:

எடுக்கும் ஐயாயிரத்தில் கீழ்வரிசைகளும் இருக்கட்டும். இப்போதுள்ள சக்கர நாற்காலி மேடைகளில் அதிகமானவை மேல்மட்டத்தில்தான் இருக்கின்றன.